பதிலாள்

பதினோரு வருஷம்
ஐம்பது பேராக இருந்திருக்கிறேன்.

ஐம்பதுக்கு மேல் ஒருவன் ஆக முடியாது,
சட்டம் அப்படி.
ஐம்பத்தோராவதாகக் கெம்பன் நீட்டிய படிவத்தை
அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று
ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்தேன்.
சூட்டில் அது சுருண்டுகொண்டது.

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிரே கடை.
ஏஜென்ட் மகாலிங்கம் ஒரு காலத்தில்
பாலிசி எடுத்தவர்களுக்கெல்லாம்
கம்பெனியில் பத்துப் பங்கும் எழுதி வாங்கிக் கொடுத்தார்.
‘இனி நீங்களும் முதலாளி’ என்றாராம்.
கிலோ மூன்று ரூபாய் என்றதும்
ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த முதலாளிகள்
வருஷத்துக்கு ஒருமுறை என் மேஜையில் குனிவார்கள்.
ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் பாதிப் பெயர்,
மீதி காகிதத்தில்.
மாதம்மாள் மட்டும் பெருவிரல்.
ஸ்டாம்ப் முழுக்க அவள் ரேகை,
உழுதுவிட்டு மழைக்குப் போட்ட கொல்லை மாதிரி.

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே
படிவங்கள் போய்ச் சேர வேண்டும்.
ஒரு தடவை மொரப்பூரில் ராத்திரி ரயிலை விட்டுவிட்டு
ஐம்பது பேரும் ஒரு மஞ்சப்பையோடு
பிளாட்பாரத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.
கொசு கடித்தது என்னை மட்டும்.

சென்னையில் குளிரூட்டிய மண்டபம்.
கேசரி, முந்திரி பக்கோடா.
பதிலாளுக்குப் பேச உரிமை கிடையாது.
கை தூக்கினாலும் கணக்கில் வராது.
வாக்குச்சீட்டு என்று வந்தால்தான் நான் ஆள்.
‘ஆட்சேபணை உண்டா?’ என்பார் தலைவர்,
கண் என் வரிசையில் ஒரு விநாடி நிற்கும்.
ஐம்பது வாயைப் பையில் வைத்துக்கொண்டு
என் வாயால் பக்கோடா மென்றேன்.

மாதம்மாளின் புருஷன்
மாரண்டஅள்ளி ரோட்டில் டிராக்டர் கவிழ்ந்து செத்த வருஷம்
‘போய்ச் சொல்லிட்டு வா’ என்றாள்.
பழைய நோயை மறைத்திருக்கிறார் என்று
கிளெய்மைத் திருப்பியிருந்தார்கள்.
என்ன நோய் என்று கேட்டேன்.
‘அவங்க எழுதித்தான் எனக்கே தெரியும்.’
போனேன். வந்தேன்.
பேசக் கூடாது என்பது விதி என்றேன்.
‘அப்ப எதுக்கு நீ போற?’
அவளுக்கென்று கேசரி கொஞ்சம் கட்டி வந்திருந்தேன்.
கொடுக்கவில்லை.

இந்த வருஷக் கடிதத்தில் ஒரு வரி:
கூட்டம் காணொளியில் நடைபெறுவதால்
பதிலாளை நியமிக்கும் வசதி இல்லை.
அந்த முற்றுப்புள்ளியில்
நான் ஐம்பதிலிருந்து ஒன்றானேன்.

மண்டி முடிந்து வந்தார்கள்.
கெம்பனும் வந்தான், இந்த முறை எண் இல்லாமல்.
போனை நீட்டி ‘நீயே அமுக்கு’ என்றார்கள்.
முடியாது, அவரவர்தான் என்றேன்.
என் குரலில் கொஞ்சம் பழிவாங்கலும் இருந்தது.

தீர்மானம் நாலு:
நிர்வாக இயக்குநர் மறுநியமனமும் சம்பளமும்.
பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
என்னது அது என்று யாரோ கேட்டார்கள்.
படித்துச் சொன்னேன்.
பூஜ்யங்களைக் கெம்பன் இரண்டுமுறை எண்ணச் சொன்னான்.
ஓடிபி வருவதற்குள் டவர் போயிற்று.
வந்தபோது அதற்கு ஆயுசு முடிந்திருந்தது.
மறுபடி.
தக்காளிச் சாறு காய்ந்த விரலைத் திரை உணரவில்லை.
மாதம்மாள் முந்தானையில் துடைத்தாள், வைத்தாள்,
துடைத்தாள்.
‘வேணாங்கறதுக்கு எது?’
காட்டினேன்.
காட்டியது சட்டப்படி சரியா என்று
இன்னும் தெரியாது.

இரண்டாம் நாள் முடிவு.
ஆதரவு தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஏழு.
எதிர்ப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று.

‘தோத்துட்டமா?’ என்றான் கெம்பன்.

மாதம்மாள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
‘இந்த மூணுல நான் எங்க இருக்கேன்?’
அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு
ஜெராக்ஸ் ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டு ரூபாயை மேஜையில் வைத்தாள்.
வேண்டாம் என்றேன்.
அது கணக்கில் வரவில்லை.