முதற்சொல்

நாற்பத்தொரு வருடம்
மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால்
ஒரு முக்காலியில் இருந்தேன்.
கையில் கொப்பி, மடியில் டோர்ச்.
சூசைதாசனின் முகத்தை ஊரே பார்த்தது.
எனக்குத் தெரிந்தது பிடரி.
வசனம் மறந்தால் அதில் ஒரு நரம்பு நிமிரும்.
நான் முதற்சொல்லை விடுவேன்.
முழு வரியும் கொடுத்தால் கோபம் வரும்:
“முதற்சொல் போதும்.
மிச்சம் என்ர பாடு.”

பகலில் டொக்யார்ட்டில்
ஆணியும் கயிறும் எண்ணுகிற களஞ்சிய எழுதுனர்.
இரவில் இலங்கை வேந்தன்.
பாலையூற்று மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு
பின்னேரம் பத்துத் தலை கட்டுவார்.
சுவாமியார் ஒருநாள் கேட்டார்,
பாவசங்கீர்த்தனத்துக்கு எந்தத் தலை வரும் என்று.
“நடுவில இருக்கிறது, சுவாமி.
மற்றதெல்லாம் காட்போட்.”

எழுபத்து மூன்றில்
இரவு மெயில் ஏறிக் கொழும்புக்குப் போனார்.
சிங்களப் படம், மூன்று நிமிடம்.
கடைக்காரத் தமிழன்,
பலாமரத்தடியில் கத்திக்குத்து.
கை ஊன்றாமல் விழுந்தார்,
தறித்த மரம் விழுகிற மாதிரி.
ஒரே எடுப்பில் சரியாம்.
அதன்பிறகு பதினொரு படம்,
ஒன்பதில் சாவு.
மிச்ச இரண்டிலும்? என்றேன்.
“ஒண்டில நான் சாக முதல் படம் முடிஞ்சிட்டுது.
மற்றதில என்னை வெட்டிப்போட்டாங்கள்,
எடிட்டிங்கில.”

தொண்ணூற்றொன்று, ஆவணி.
அனுராதபுரச் சந்திச் சோதனைச்சாவடி.
பஸ்ஸால் எல்லோரும் இறங்கி வரிசை.
அவருக்கு மூன்றாவது ஆள் பின்னால் நான்,
கையில் வெறும் மீன்பை.
பெயர் கேட்டான்.
அடையாள அட்டையை நீட்டியபடி நின்றார்.
வாய் திறக்கவில்லை.
பிடரியில் அந்த நரம்பு.

நான் யோசிக்கவில்லை. பழக்கம்.
“சூசை” என்று விட்டேன்.
“தாசன்” என்றார்.

துவக்கு என் பக்கம் திரும்பியது.
அப்போதுதான் மற்றவன்,
மீசை அரும்பாத பொடியன்,
அவர் முகத்துக்குக் கிட்ட வந்து
“பலாமரம்!” என்றான் தன் பாஷையில்.
குருநாகலில் அம்மாவோடு பார்த்தானாம்.
அம்மா அழுதாவாம்.
ஒருக்கா விழுந்து காட்டச் சொன்னான்.
மரியாதையாய்த்தான் கேட்டான்.
துவக்கும் பக்கத்தில்தான் இருந்தது.

விழுந்தார்.
கையை ஊன்றினார்.

கிரவலில் உள்ளங்கை கிழிந்தது.
கச்சேரிக்குப் போக உடுத்த வெள்ளைச் சேட்,
ஊத்தை படாமல் இருக்கத்தான் ஊன்றினேன்
என்று பிறகொரு நாள் சொன்னார்.
நம்பினேன் என்று சொன்னேன்.
பொடியன் கைதட்டவில்லை.
எழும்பக் கை கொடுத்தான்.
வரிசையில் ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.
மணிக்கூட்டுக் கோபுரம் மட்டும் கதையில்லை.
இறங்கும்போது கேட்டார்,
“பிழையா விழுந்திட்டன், என?”

போன மாசி நிலாவெளியில் படப்பிடிப்பு.
இயக்குநர் யதுஷாவுக்கு இருபத்தாறு வயது,
இவருக்கு எண்பத்தொன்று.
படகு இஞ்சின் திருத்துகிற கிழவன்.
கடைசிக் காட்சியில் தேத்தண்ணி குடிக்க வேண்டும்,
அவ்வளவுதான்.
“சாகாமல் எப்படிப் பிள்ளை முடிக்கிறது?”
அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.
கோப்பையைக் கீழே வைக்க ஏழு எடுப்பு.

காதுக்குள் சின்னப் பொத்தான் ஒன்றும் வைத்தாள்,
வசனம் அதில் வருமாம்.
கொஞ்சநேரம் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தார்.
“இது முழு வரியையும் சொல்லுது.”

நேற்றுக் கோட்டைப் பக்கம் போனோம்,
போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள் என்று.
பசை காயவில்லை.
வெறுங்காலோடு கரையில் நிற்கிற முழு உருவம்,
கீழே பெரிதாய், சூசைராசன்.
“பேர் பிழை” என்றேன்.
அதற்குள் ஒரு பெட்டை மான் வந்து
மதிலோடு ஒட்டி நின்று
கடதாசியைக் கீழ்ப்பக்கத்தால் இழுத்தது.
பேர் போனது.
பெருவிரல் போனது.
கலைக்கப் போனேன். கையைப் பிடித்தார்.

“விடு.
காலில இருந்து தொடங்குது, பார்.
மரியாதை தெரிஞ்ச மான்.”