இரண்டாம் பட்டியல்

பன்னிரண்டு சினையாடுகள்.
ஆறுக்குத் தினமும் மாலையில்
புண்ணாக்கோடு முப்பது மில்லி எண்ணெய்,
ஒரு பிடி சாத்தாவாரி இலை.
மற்ற ஆறுக்கு வெறும் புண்ணாக்கு.
சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தேன்,
பொகவந்தலாவை மழையில்
பிள்ளைக்காம்பராவின் தகரத்துக்குக் கீழே நின்று.

சந்தனமேரியின் செவலைக்கு
விழுந்தது இரண்டாம் பட்டியல்.
"ஏன் மிஸ், அதுக்கு மட்டும் இல்ல?"
ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன்.
"எதோட?"
எண்ணெய் தின்ற ஆட்டோடு.
கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு
மலையேறிப் போய்விட்டாள்.

இரண்டு மாதம்
வெள்ளிதோறும் லயம் லயமாய் ஏறினேன்.
போத்தல்களில் கோடு போட்டு அளந்தேன்.
அட்டை கடித்த கணுக்காலில் உப்புத் தேய்த்தேன்.
ஒவ்வொரு வயிற்றையும் தடவிப் பார்த்து
குட்டி ஒன்றா இரண்டா என்று குறித்தேன்.
படிவம் சுத்தமாக இருந்தது.

தை பிறக்குமுன் ஈனத் தொடங்கின.
எண்ணெய்க் குட்டிகள்
ஈரம் காயுமுன்பே எழுந்து மடியை முட்டின;
மயிரில் ஒரு மினுக்கம்.
மற்றவை சாக்கில் சுருண்டு கிடந்தன.
வாயில் விரல் வைத்தால் உள்ளேயும் குளிர்.
ஒன்றுக்கு விடியவில்லை.
ஆறாம் லயத்துக்காரர் அதைத்
தேயிலைத் தூரடியில் புதைத்துவிட்டு
பிரட்டுக்கு ஓடினார்.

செவலை இரண்டு போட்டது.
தொங்குதராசைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.
இரண்டேகால். இரண்டரை.
பன்னிரண்டிலும் இதுதான் பெரிசு.

காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தேன்.
அடுப்புத் திட்டில்
தேங்காயெண்ணெய்ப் போத்தல், கவிழ்த்து வைத்தபடி.
தட்டில் ரொட்டி, கடித்து வைத்த கொச்சிக்காய்.
"எத்தன நாளா?"
"நீங்க சீட்டு எடுத்த அன்னையிலருந்து.
இலையும் தேடிப் புடுங்கித்தான் போட்டேன்.
ரெண்டையும் வித்தா
டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக வேன் காசு."

யாருக்கு ஆஸ்பத்திரி என்று கேட்டேன்.
அவள் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்தாள்.
ஆறு மாதம்.
அத்தனை ஆட்டு வயிற்றையும் தடவிய கை
பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

செவலையின் வரிசையில் குறுக்கே கோடு போட்டேன்.
நீக்கப்பட்டது. காரணம்: தீவனம் மாறியது.
எந்தத் தீவனம், யாருடையது
என்று கேட்க அங்கே கட்டமில்லை.

மிஞ்சிய எண்ணெயில் ஒரு போத்தலை
வாசற்படியில் வைத்தேன்.
"இது ஒனக்கு. ஆட்டுக்கில்ல."
தலையை ஆட்டினாள்.

அடுத்த வெள்ளி போனேன்.
கதவு பூட்டியிருந்தது, ஆள் மலையில்.
பட்டியில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.
செவலை திரும்பி என்னைப் பார்த்தது,
தாடியில் எண்ணெய் சொட்ட.