பதினெட்டு மைக்ரான்

ஓமராமாவுக்கு மேலே, புல்லில் உறைபனி இன்னும் விடாத காலை.
மெரீனோ ஆட்டின் முழு உடுப்பையும்
டெரினா ஒரே வீச்சில் மேசைமேல் விரிக்கிறாள்.
ஒரு கற்றையைப் பிடுங்கிக்
காதருகே இழுத்துச் சுண்டுகிறேன்.
முறியவில்லை.
பதினெட்டு மைக்ரான், என்கிறேன்.
எந்தத் தொட்டி என்பது அவளுக்குத் தெரியும்.

போன பருவம் முழுக்க
நான் எதையும் பார்க்கவில்லை என்பது
அவளுக்குத் தெரியாது.
தொட்டேன். முகர்ந்தேன். சுண்டினேன்.
தொட்டிக்குத் தொட்டி எழுதியிருந்த எழுத்துகள்
தலையில் வால் முளைத்து
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

டனீடினில் லெய்ட்லா என் கண்ணை
மலை வரைபடம்போலத் திரையில் காட்டினார்.
ஓரம் நீலம், சரிவு பச்சை, உச்சி சிவப்பு.
"முன்படலம் கூம்பாகிறது, மெரேயானா.
மெலிந்த இடத்தில் நானூற்றுப் பத்து மைக்ரான்."
சிரித்துவிட்டேன்.
முதன்முறையாக ஒரு மருத்துவர்
என் மொழியில் பேசினார்.

மூக்குக்கண்ணாடியை அவரே மேசையில் கவிழ்த்து வைத்தார்.
மென்லென்ஸ் போட்டார்.
குன்றின்மேல் எறிந்த ஈரத்துணி அது,
போர்த்திய பின்னும் குன்று குன்றாகவே நின்றது.

பிறகு கடின லென்ஸ்.
சட்டைப் பொத்தானைவிடச் சிறியது.
போட்டதும் எதிர்ச் சுவரில்
ஆணி அடித்த ஓட்டை வரை தெரிந்தது.
ஆனால் கொட்டகையில்
தூசி இல்லாமல் கத்தரிப்பு ஏது?
ஒரு துகள் உள்ளே நுழைந்தால்
இமைக்குள் யாரோ கத்தி தீட்டுவார்கள்.
மூன்றாம் நாள் இமைத்தேன், தெறித்தது.
பதினோரு பேர் முட்டிபோட்டுத் தேடினோம்.
கத்தரிக்காத ஆடுகள்
அடைப்புக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தன.
மூட்டை அமுக்கும் பைராமா சொன்னான்:
"உன் பார்வை மூட்டைக்குள் போய்விட்டது.
இத்தாலியில் எவனோ
அதைக் கோட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வான்."
ஆலையில் கழுவும்போதே போயிருக்கும், எனக்குத் தெரியும்.
இருந்தும் அந்தக் கோட்டை
அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அடியில் மென்மை, மேலே கடினம் என்று
ஒன்றின்மேல் ஒன்றாகவும் போட்டுப் பார்த்தோம்.
கல்லுக்குக் கீழே கம்பளம்.
வலி குறைந்தது, டப்பாக்கள் கூடின.
நடு கடினமாய் விளிம்பு மென்மையாய் இன்னொன்று,
ஆறு வாரத்தில் தையல்விட்ட பாவாடைபோலக் கிழிந்தது.

கடைசியில் பெரியது.
கூம்பைத் தொடாமல் தாண்டி
வெள்ளைவிழிமேல் கால் ஊன்றும் கிண்ணம்.
அதில் உப்புநீர் தளும்ப நிரப்பி,
கண்ணாடியை மேசையில் கிடத்தி,
குளத்தில் வாய் வைக்கும் மாடாய்க் குனிந்து,
இமைகளை இரு பக்கமும் இழுத்துப் பிடித்து,
நீரோடு சேர்த்துக் கண்ணை அதற்குள் வைக்க வேண்டும்.
ஒரு குமிழி நுழைந்தாலும் மறுபடி முதலிலிருந்து.
முதல் நாள் ஒன்பது முறை.
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பார்களாம்.
நான் உப்புநீர் விட்டுக்கொண்டேன்.
எண்ணெய்தான் ஆகாது:
கம்பளியின் பிசுக்கு விரலில் மிச்சமிருந்தால்
உலகம் முழுதும் வெண்ணெய் பூசிக்கொள்ளும்.

இது நிவாரணமல்ல என்றார் லெய்ட்லா.
லென்ஸ் கூம்பைத் தடுக்காது, பார்வையை இரவல் தரும்.
கண்ணைக் கசக்காதே. அதை மூன்று முறை சொன்னார்.

இரவல்தான்.
பத்து மணி இடைவேளைக்குள் பனி படர்கிறது.
மற்றவர்கள் தேநீரும் ஸ்கோனும் எடுக்க
நான் வேனின் பின்னிருக்கையில்
கழற்றி, கழுவி, நிரப்பி, மாட்டுகிறேன்.
திரும்பி வந்து பார்க்கிறேன்:
கம்பளியின் நெளிவு ஒவ்வொன்றும் தனித்தனியாக.
டெரினாவின் புருவத்தில் ஒரு தழும்பு.
இரண்டு வருடமாக எதிரே நிற்கிறாள்.

போன பருவத்து மூட்டைகளின் ஆய்வறிக்கையை
நேற்றுதான் தைரியமாகத் திறந்தேன்.
இரண்டில் தவறியிருக்கிறேன்.
நாற்பத்தாறில் இரண்டு.
விரல்களுக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா?

இரவில் சிறு ரப்பர் உறிஞ்சியால்
இரு கிண்ணங்களையும் எடுத்து வைக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே
பழைய மேல்வானம் திரும்பி வந்திருக்கிறது.
ஏழு நிலா.
பழக்கம் விடவில்லை, தரம் பிரிக்கிறேன்.
மூன்றாவது கொஞ்சம் முரடு.