நவம்பர் கட்டம்

நீர் மன்றத்தில் பதினாறு பேர்.
வருகைப்பதிவுக்காக ஒன்பது பேர்,
கூட்டத்தன்று வரும் மெதுவடைக்காக நாலு பேர்.
மிச்சம் மூன்று பேர்தான்
மாதத்தின் முதல் சனிக்கிழமை
விடியுமுன்னே வண்ணார்பேட்டையில் பஸ் இறங்கி
குப்பிகள் கிணுகிணுக்க
ஆற்றுக்குள் போகிறவர்கள்.

ஆலோசகர் என்று ஓர் இடத்தில்,
ஆய்வு வழிகாட்டி என்று இன்னோர் இடத்தில்
என் கையெழுத்து.

ஃபாஸிலாவின் ஆய்வேடு மேசையில் கிடக்கிறது.
கரைந்த ஆக்சிஜன், லிட்டருக்கு மில்லிகிராம்.
ஜூனிலிருந்து எண்கள் ஒழுங்காக இறங்கி வருகின்றன.
நவம்பர், கொக்கிரகுளம் பாலத்தடி:
வெறும் கட்டம்.
கீழே பொடி எழுத்தில்
'வெள்ளம். இறங்க முடியவில்லை.'

சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொண்டது.
வெளித்தேர்வாளர் கேட்பாரே,
வரைபடத்தில் கோடு அறுந்து நிற்குமே,
சராசரி போட்டு நிரப்புக என்று எழுதப்போய்
'சரா' வரை எழுதிவிட்டேன்.

பின்னால் அலமாரியில்
கறுப்பு ரெக்சின் அட்டையில் என் முனைவர் பட்டம்.
எடுக்காமலே தெரியும், பக்கம் எழுபத்தொன்று.
அந்த நவம்பரும் வெள்ளம்தான்.
குறுக்குத்துறை உற்சவரையே
மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
நான் பாலத்தின் மேல் குடையோடு நின்றேன்.
குப்பி கைப்பைக்குள்ளேயே இருந்தது.
விடுதிக்குத் திரும்பி
அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவே
ஆறு புள்ளி நாலு என்று ஓர் எண்ணை
உட்கார வைத்தேன்.
நல்ல எண். யாரும் அதை எழுப்பவில்லை.
மூன்று கட்டுரைகளில் மேற்கோள் வேறு.
இதோ, இவளுடைய ஒப்பீட்டு அட்டவணையிலும்
வெறும் கட்டத்துக்கு இடப்பக்கம் அது,
தலைப்பில் என் பெயரோடு.

கையில் ஸ்டார்ச் நீலம் காயாமல் வந்து நின்றாள்.
"நவம்பர எப்பிடியாச்சும் எடுத்திருக்கலாமோ மேடம்?
நீங்க எடுத்திருக்கீங்கல்லா."

"எடுக்கல" என்றேன்.

"ஆமா மேடம், எடுக்கல" என்றாள்
தலையைக் குனிந்துகொண்டு.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஆள் கிடையாது.
நான், நீ, அவள், எல்லோருக்கும் பொது.
மறுபடி சொல்லவேண்டியிருந்தது,
'நான்' சேர்த்து.

மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.
அவள் அட்டவணையைத்தான் பார்த்தாள்.
"அப்ப இதுலயும் கோடு போட்டிரட்டா மேடம்?"

போடு.
அடிக்குறிப்பை நான் எழுதித் தருகிறேன்.

அவள் போனபிறகு
மன்றத்தின் செலவுச் சீட்டுகளை எடுத்தேன்.
மெதுவடை முப்பத்திரண்டு.
ரப்பர் பேண்ட், லேபிள்.
நைலான் கயிறு நாற்பது அடி, இரும்புக் குண்டு ஒன்று:
பாலத்திலிருந்தே குப்பியைக் கட்டி இறக்கலாமென்று
சுடலைமணி கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறான்,
அடுத்த நவம்பருக்கு.
அலுவலகத்திலிருந்து பென்சிலில் ஒரு கேள்வி:
நீர் மன்றத்துக்குக் கயிறு எதற்கு?

காரணம் எழுத
ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள்.
சின்னக் கட்டம்.