மூக்கு

முதலில் திரும்பி வந்தது மூக்குதான்.
வாலாஜா ஆஸ்பத்திரி டாக்டரம்மா
கல்லீரல் தேறும் என்றார்,
கை நடுக்கம் நிற்கும், தூக்கம் பிடிக்கும் என்றார்.
மூக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

பதினெட்டாம் நாள் காலை.
ஆற்காட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் ஏறி
ராணிப்பேட்டைப் பக்கம் சைக்கிள் இறங்கியதும்
குடலைப் புரட்டியது.
தொழிற்சாலை கேட்டுக்கு இன்னும் அரை மைல் இருக்கிறது.
சுண்ணாம்பில் ஊறும் தோல்,
சீவி எறிந்த சவ்வு, கொழுப்பு,
உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோலில்
இன்னும் ஒட்டியிருக்கும் ஆட்டின் வாடை.
பதினாறு வருஷம் இதற்குள்தானா நின்றேன்?
நின்றிருக்கிறேன்.
நடுவில் ஒரு குவார்ட்டர் நின்றதால்
நானும் நாற்றமும்
முகம் பார்த்துக்கொண்டதில்லை.

"நாத்தத்துக்குத்தான் குடிக்கிறேன்" என்பேன் கஸ்தூரியிடம்.
ஞாயிற்றுக்கிழமை என்ன நாற்றம் என்று
அவள் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சொல்வதற்கு
இன்னொன்று தயாராய் வைத்திருந்தேன்.

தொட்டியோரம் வாந்தியெடுத்தவனைப் பார்த்து
பெஞ்சமின் சிரித்தான்:
"இன்னாடா இது, குடிச்சப்போ நல்லா இருந்த,
வுட்டப்புறம் கக்கிகினு கீற."
டிரம்முக்குப் பின்னால் மாத்திரைக்கு ஒதுங்கும்
அந்த மோட்டூர்ப் பையன் மட்டும் சிரிக்கவில்லை.
தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.
"எத்தினி நாளாச்சுண்ணா?"
சொன்னேன்.
விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுப் போனான்.

தெளிந்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும்,
அதுதான் தொந்தரவு.
கடன் தெரிந்தது, வட்டியோடு.
தம்பி கல்யாணப் பந்தியில் இலையைத் தள்ளிவிட்டு
நான் பேசியது
வார்த்தை வார்த்தையாகத் திரும்பி வந்தது.
ஒருநாள் ராத்திரி பதினொன்றுக்கு எழுந்து
அவனுக்குப் போன் போட்டேன்.
எடுக்கவில்லை.
மறுநாள் எடுத்தான்.
"சாப்ட்டியா" என்றான்,
அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வரவில்லை.

சனிக்கிழமைக் கூலி செவ்வாய்க்கிழமையும்
சட்டைப்பையில் கிடந்தது.
யாருடையதோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன்.
காய்ச்சியதைப் போலவே டீ இருந்தது.
மாலையில் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி
கீழே மணலைப் பார்ப்பேன்.
வருஷத்தில் பத்து மாசம் தண்ணி கிடையாது,
அப்போதும் அது ஆறுதான்.
அக்கரையில் கடை விளக்கு எரியும்.
கால் அந்தப் பக்கம் போகவில்லை என்று
பொய் சொல்ல மாட்டேன்.
கால் போகும்.
சைக்கிள் ஹாண்டில் என் கையில் இருக்கும்,
நடுங்காத கையில்.

சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்தில்
எவ்வளவு குடித்திருக்கிறேன் என்று அளந்துவிடுவாள்
என் மகள் ஜெயப்பிரதா.
ஒரே தட்டில் நின்றால் புத்தகம் எடுப்பாள்.
மூன்று தடவை தட்டினால்
தம்பியைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவாள்.
இப்போதும் சத்தம் கேட்டதும்
அவள் தலை நிமிர்கிறது.
நிமிரட்டும். எண்ணிக் கொள்ளட்டும்.

நேற்று ராத்திரி
பாயில் பக்கத்தில் படுத்த கஸ்தூரி
சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.
"உம் மேல தோல் நாத்தம் அடிக்குது."
"புதுசா இன்னா, பதினாறு வருஷமா அதே தோல்தானே?"
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"இருந்திருக்கும்.
அந்த வாடைக்கு அடியில இருந்திருக்கும்.
எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கப் போகிறாள்
என்று நினைத்தேன்.
பழக்கம் அப்படி.
மாடத்தில் இருந்த சோப்பை எடுத்து நீட்டினாள்.
"போய் இன்னொரு வாட்டி குளிச்சிட்டு வா."

வேலூர்ப் பக்கத்துச் சித்திரை,
ராத்திரி பத்து மணிக்கும் டேங்குத் தண்ணீர் சுடும்.
இரண்டு முறை சோப்புப் போட்டேன்.