பெண்கள் பக்கம்

மகரவிளக்கு முடிந்து ஒன்பதாம் நாள்
தென்காசியில் பஸ் மாறினோம்.
கண்டக்டர் இரண்டு தரம் கேட்டார்,
"குற்றாலமா, செங்கோட்டையா?"
"குற்றாலந்தான்" என்றாள் ஆவுடைச்செல்வி.
டிக்கெட்டை மடித்து
மணிபர்சின் உள்ளறையில் வைத்தாள்.

லாட்ஜில் புனலூர்க்காரன் ரெஜிமோன்
தூங்கி எழுந்து பதிவேட்டைத் தேடினான்.
ஆடியில் மூவாயிரம் சொல்லும் அறை
இப்போது எழுநூறு.
"வெள்ளம் இல்லல்லோ சாரே,
பின்னே எதுக்கு வந்து?"
வெள்ளம் என்றால் அவனுக்குத் தண்ணீர்.
வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்
'சும்மா' என்று எழுதினேன்.

அறைக் கொடியில் எவரோ விட்டுப்போன கறுப்பு வேட்டி.
சுவரில் தெலுங்கில் ஓர் அறிவிப்பு,
அதில் அம்புக்குறி மட்டும் புரிந்தது.
அது கழிப்பறைக்குப் போனது.

இருபத்தாறு வருஷமாய் ஆடியில்தான் வந்தோம்.
வேன் பிடித்து, பதினாறு பேர்,
புளிச்சோற்று வாளி, நல்லெண்ணெய்,
வாந்தியெடுக்கிற பிள்ளைகள்.
பாலம் தாண்டியதும்
போலீஸ் விசில் எங்களை இரண்டாய்க் கிழிக்கும்:
ஆண்கள் இப்படி, பெண்கள் அப்படி,
நடுவில் கம்பி.
"சிப்ஸ் கடைகிட்ட நில்லுங்க" என்பாள்.
நிற்பேன், தலை சொட்டச் சொட்ட.
ஒரு மணி நேரம் கழித்து வருவாள்
உதடு கறுத்து,
யாருடனோ சிரித்த சிரிப்பின் மிச்சத்தோடு.
அருவிக்கடியில் அவள் எப்படி நிற்பாள்,
முகத்தை மூடிக்கொள்வாளா, கத்துவாளா,
எனக்குத் தெரியாது.
கேட்கலாம் என்று நினைப்பேன்.
கோவில்பட்டி போய் ஜெராக்ஸ் கடையைத் திறந்தால்
வாசலில் அட்மிஷன் கூட்டம் நிற்கும்.

இன்று சிப்ஸ் கடையே இல்லை.
ஏலக்கெடு முடிந்து கூரையைக் கழற்றிவிட்டார்கள்.
ஒரு மூங்கில் காலில் மட்டும் விலைப்பலகை,
நேந்திரங்காய் கிலோ முந்நூற்று அறுபது.
குரங்குகள் எங்கள் பையைப் பார்த்தன,
பிறகு எங்களை,
பிறகு வேறெங்கோ.

அருவி விழும் இடத்தில் பாறை.
"இம்புட்டுப் பெருசா?" என்றாள்.
இத்தனை வருஷத்தில் நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை.
அடியில், குழிந்த மணலை
இரும்புச் சட்டியில் அலசிக்கொண்டிருந்தார் ஒருவர்.
மைதீன் பிச்சை, ஊர் வடகரை,
சீசனில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்.
அன்றைக்குக் கிடைத்ததைத் துண்டில் பரப்பிக் காட்டினார்:
நாணயங்கள், கொலுசுத் திருகு,
ஸ்கூட்டர் சாவி, கீழ்வரிசைப் பல்செட் ஒன்று.
"தங்கம்?"
"மார்கழியில ஒரு மூக்குத்தி.
ஸ்டேசன்ல குடுத்துட்டேன்."
நான் நம்பாததைப் பார்த்தார்.
சட்டியை மறுபடி சாய்த்தார்.

தண்ணீர் சுத்தமாய் இல்லாமல் இல்லை.
பாறை உச்சியிலிருந்து ஒரே ஒரு சரடு,
குழந்தையின் மணிக்கட்டுக் கனம்.
அது விழுந்தது பெண்கள் பக்கம்.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனாள்.
தைக்குளிர் கம்பியில் ஏறியிருந்தது.
அதைப் பிடித்தபடி நான்
ஆண்கள் பக்கத்தில் காய்ந்து நின்றேன்.

அவள் முகத்தை மூடவில்லை.
கத்தவும் இல்லை.
தலையை ஒருபுறம் சாய்த்து
காதில் யாரோ கடன் கேட்பதைக்
கேட்டுக்கொண்டிருப்பவள் போல நின்றாள்.

"வாங்களேன்."
"அது லேடீஸ் பக்கம்."
"யாரு இருக்கா இங்க?"
மைதீன் பிச்சை முதுகைத் திருப்பிக்கொண்டார்.
விசிலுக்காக ஒரு கணம் காத்திருந்தேன்.
பிறகு குனிந்தேன்.
கம்பிக்கடியில் முழங்கால் சத்தம் போட்டது.

சரடு ஒரு தலைக்குத்தான் காணும்.
அவளுக்குப் பத்து எண்ணும்வரை,
எனக்குப் பத்து எண்ணும்வரை என்று பேச்சு.
பல் கிட்டித்துப்போய், தோள் இடித்து,
மாறி மாறி நின்றோம்.
எண்ணியது அவள்தான்.
என் முறை வந்தபோதெல்லாம்
நாலுக்குப் பிறகு எட்டு வந்தது.