ஏழு தசம் நாலு

லீற்றருக்கு ஆறு.
சில நாள் அதுவுமில்லை.
உவர்மலையில் ஸ்ரார்ட் பண்ணினால்
சாம்பல்தீவுப் பாலம் வருமுன்
ஒரு லீற்றர் டீசல் முடிந்துபோகும்.

இருபத்தெட்டு வயது ஜீப்.
முன்கதவில் மற்ற இடத்தைவிட வெள்ளையாய் ஒரு வட்டம்.
எந்த நாட்டுக்காரரின் முத்திரை உரித்த இடமோ,
ஏலத்தில் எடுத்த எனக்குத் தெரியாது.

புல்மோட்டைக்குப் போகும் ஏழு ரீச்சர்மாரின் கூலியில்
பாதிக்கு மேல் ஷெட்டில் இறங்கியது.
முன்சீற்றில் கணக்கு ரீச்சர் சுகிர்தமலர்
ஒரு நாற்பது பக்கக் கொப்பியைத் திறந்தார்:
"நிரம்ப அடியுங்கோ. மீற்றரை எழுதுங்கோ.
திரும்பவும் நிரம்ப அடியுங்கோ.
உங்கட முள்ளு சொல்லுறது கணக்கில்லை."

முதலில் ரயர்.
முப்பத்தைந்து இருக்கவேண்டிய காற்று
இருபத்திரண்டில் சோம்பிக் கிடந்தது.
பில்ற்றரைத் தட்ட நிலாவெளி மணல் ஒரு பிடி,
ஒரு தும்பியின் சிறகு, முழுசாக.
கூரைமேல் இரும்புச் சட்டம்,
நான் வாங்கிய நாளிலிருந்து
காற்றைத் தவிர எதையும் அது சுமந்ததில்லை.
கழற்றிய மறுநாள் இறக்கக்கண்டிப் பாலத்தில்
சங்கீத ரீச்சர் திடுக்கிட்டுக் கேட்டார்,
"என்ன, எஞ்சின் நின்றுபோச்சா?"

ஏசிக்குச் சண்டை. காலையில் கடல்காற்று,
மத்தியானம் மட்டும் ஏசி என்று தீர்ப்பானது.
எண்பதில் ஓடிய நான் அறுபதுக்கு வந்தேன்.
பஸ்காரர்கள் கோண் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள்.
வீட்டு வாசலில் நிறுத்தி
நாலு சில்லையும் தொட்டுப் பார்த்தேன்.
கன்னியாக் கிணறுகள் மாதிரி
ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு.
பின் இடது சில்லில் கை வைக்க முடியவில்லை.

"பிறேக் பிடிச்சபடியே ஓடியிருக்கு" என்றான் அஸ்மீர்,
சீனக்குடா ரோட்டில் கராஜ் வைத்திருக்கிறவன்.
கழற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கப் போனோம்.
பற்றைகளுக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள்
ஆனை ஆனையாய்,
பலதும் வெறும் வயிற்றோடு.
நாங்கள் அவற்றைக் கடந்தோம்,
கால் லீற்றரை மிச்சம் பிடிக்க.

"பாரத்தையும் குறைப்பம் அண்ணன்."
உடைந்த ஜாக்கி, மூன்று சாக்கு,
ஒற்றைச் செருப்பு இறங்கின.
தரைக் காப்பற்றைப் பிடுங்கினான்.
அடியில் இன்னொரு விரிப்பு. கறுப்பு. தடிப்பு.
இரண்டு பேர் தூக்க ஒரு மூலைதான் எழும்பியது.
அஸ்மீர் கையைத் துடைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவன் தமையன் மிதிவெடி அகற்றப் போனவன்.
"இது வெடிச்சா கால் போகாமலிருக்கப் போடுறது."

வெங்காயக் கடைத் தராசில்
அறுபத்தொரு கிலோ.
ஆறு வருஷமாய் அதன்மேல் ரீச்சர்மாரின் பதினாலு கால்,
குடை, சாப்பாட்டுப் பெட்டி,
திருத்தாத பரீட்சைத் தாள்கள்.

மறுநாள் சொன்னேன்.
கும்புறுப்பிட்டி தாண்டும்வரை
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பிறகு பின்சீற்றிலிருந்து ஒரு குரல்:
"எல்லாம் எடுத்தாச்சுதானே?"
விரிப்பைக் கேட்டாரா, வேறெதையுமா என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
ஓம் என்றேன்.
கண் தார் ரோட்டின் ஓரத்தைப் பார்த்தது,
ஓரத்துக்கு அப்பாலும்.

மாதக் கடைசியில் ஏழு தசம் நாலு.
அதில் விரிப்பின் பங்கு எவ்வளவு?
சுகிர்தமலர் கொப்பியை மூடினார்.
"பிறேக்கும் அதே கிழமைதானே செய்தீங்கள்.
பிரிச்சுச் சொல்லேலாது."

விரிப்பு இப்போது அஸ்மீரிடம்.
அதில் மல்லாந்து கிடந்துதான்
லொறிகளின் வயிற்றைப் பார்க்கிறான்.
சீமெந்துக் குளிர் முதுகில் ஏறுவதில்லையாம்.

எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.
குதிக்கால் ஒன்றரை அங்குலம் கீழே இறங்கிவிட்டது.
கிளச்சை விட்டதும்
பழைய தரையைத் தேடி
ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது.